கரையிலிருந்து இருநூற்றிருபது மீட்டர்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் மூன்று கேள்வி கேட்பேன். என்ன கிழமை? எத்தனை மணி? பக்கத்தில் யார் இருந்தது? பெரும்பாலான கதைகள் இரண்டாவது கேள்வியிலேயே படுத்துவிடும். தெமோதரை வளைவில் நின்ற வெள்ளைச் சேலை, ஹாலிஎலப் பாலத்தடியில் அழுத குழந்தை என்று நான் படுக்கவைத்த கதைகள் ஒரு கொப்பி நிறைய இருக்கின்றன. ஆனால் இப்போது சொல்லப்போவதற்கு மூன்று பதிலும் என் சொந்தக் கையெழுத்திலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை. பகல் இரண்டு பத்து. பக்கத்தில் தங்கவேலு கங்காணி. இரவுகூட இல்லை பாருங்கள், நல்ல பகல், வெளியே பதுளை பஸ் நிலையத்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் நம்பமாட்டீர்கள். நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

என் பெயர் மரியதாஸ். தொலைபேசி வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். செம்புக் கம்பிக் காலத்தில் சேர்ந்து கண்ணாடி இழைக் காலத்தில் ஓய்வு பெற்றேன். அறுந்த இழைகளைக் கண்டுபிடித்து ஒட்டுவது என் தொழில். மீதி நேரத்தில் புத்தகம் படிப்பேன், கொப்பி எழுதுவேன். எந்தத் தேயிலைத் தோட்டத்தில் யார் செத்தது, எங்கே மண் சரிந்தது, எந்த நாள் எவ்வளவு மழை, எல்லாம் தேதி போட்டு இருக்கும். அதனால் ஸ்பிரிங்வெளியிலிருந்து ஹல்துமுல்லை வரை ஏதாவது தகராறு என்றால், "தாஸ் அண்ணன் கொப்பியில பாருங்க" என்பார்கள். அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது, பிறகு வருகிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். டுபாயில் இருக்கும் மகளோடு பேசும்போது குரல் வானத்துக்குப் போய் வருகிறது என்றுதான் இங்கே பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடிக்குள் வெளிச்சமாக ஓடுகிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் பக்கத்துக் கோபுரத்திலிருந்து பதுளை, ஹாலிஎல, ஹல்துமுல்லை, கொழும்பு, அங்கிருந்து கடற்கரையில் ஒரு குழி, குழியிலிருந்து கடலுக்குள். கடலடியில் மணலில் படுத்துக் கிடக்கிற கேபிள் வழியாகத்தான் நாடு நாடாகப் போகிறது. பதுளையிலிருந்து அந்தக் கடற்கரைக் குழி வரை எத்தனை கிலோமீட்டர் இழை என்று என் கொப்பியில் இருக்கிறது. இருநூற்று அறுபத்திரண்டு கிலோமீட்டர், நானூற்றுப் பத்து மீட்டர்.

என்னோடு ஒன்பது வருடம் வேலை செய்தவன் யோகராஜ். எங்களுக்கு யோகன். ஸ்பிரிங்வெளி லயத்துக்காரன், கல்லு மாதிரி ஆள், மகா வாயாடி. ஒரு இழையை ஒட்டும்போது நான் ஒரு முனையில், அவன் இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி மற்ற முனையில். அந்த இழை வழியாகவே பேசிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி உண்டு, காதில் மாட்டிக்கொள்வோம். அவன் வந்துவிட்டான் என்பதற்கு அடையாளம், ஒலிவாங்கியில் விரலால் இரண்டு தட்டு. டொக், டொக். பிறகு நான் என் வழக்கப்படி, "அங்க மழையா?" என்று கேட்பேன், கொப்பியில் எழுத வேண்டுமே. அவனுக்கு அது பெரிய பகிடி.

"அண்ணே, நம்ம ஊருல மழையான்னு கேக்கறது மீன்கிட்ட தண்ணியான்னு கேக்கற மாதிரி."

நான் ஓய்வு பெற்ற வருடம் ஒரு புதிய கடல் கேபிள் கரையேற்றும் வேலை வந்தது. ஆள் சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பைத் தங்கவேலு எடுத்தான். ஹாலிஎலக்காரன், அந்தக் காலத்தில் ஆள் கட்டி வந்த கங்காணிகளைப் போல இவனும் தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் திரட்டுவதால் எல்லோரும் கங்காணி என்றே கூப்பிட்டார்கள். அவனும் அதில் குளிர்ந்துபோய், காலையிலும் மாலையிலும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவான், தோட்டத்துப் பெரட்டு மாதிரியே. ஸ்பிரிங்வெளியிலிருந்து பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். கடலை அதுவரை பார்க்காதவர்கள். யோகனும் ஒருவன்.

பதினொரு பேர் திரும்பி வந்தார்கள்.

யோகன் அங்கேயே ஒரு பெண்ணோடு ஓடிவிட்டான் என்று கங்காணி சொன்னான். மத்தியானமே வேலையை விட்டுவிட்டு ஏறிப் போனானாம். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அன்றைக்கு நான் கொப்பியில் எழுதினேன்: 'யோகராஜ், ஸ்பிரிங்வெளி, கேபிள் வேலையிலிருந்து ஓடிப்போனான். கூட ஒரு பெண் என்கிறார்கள்.' ஒன்பது வருடம் கூட இருந்தவனைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல் எழுதினேன்.

அவன் மனைவி புஷ்பம் கொழுந்து எடுக்கிறவள். "அவரு அப்படிப் போற ஆளில்ல" என்று அவள் பொலிசில் முறைப்பாடு எழுதப் போனாள். அங்கே இருந்தவர் என்னைத் தொலைபேசியில் கேட்டார். நான் கொப்பியைப் புரட்டி, தேதி சொல்லி, அந்த வரியை வாசித்தேன். முறைப்பாட்டை எழுதாமல் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஒரு வருடம் அவள் ஓடுகாலியின் பெண்சாதி. பொட்டை அழிக்கவும் முடியவில்லை, வைத்துக்கொண்டு நடக்கவும் முடியவில்லை. குழாயடியில் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்துவார்களாம். என்னை வழியில் கண்டால் அவள் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

யோகன் காணாமல் போன அந்த மாசி மாத நாள் கழிந்து சரியாக ஒரு வருடம் ஆன நாளில் லைன் விழத் தொடங்கியது. தினமும் பகல் இரண்டு பத்துக்கு விழும். இரண்டு ஐம்பதுக்குத் தானாக எழும். நாற்பது நிமிடம் ஊவா மாகாணம் முழுக்க வெளிநாட்டுப் பேச்சு செத்துவிடும். அந்த நேரம்தான் வளைகுடா வீடுகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைப்பது, அதனால் லயங்களில் கூச்சல். "மக 'அம்மா'ன்னு ஒரு வார்த்த சொன்னா, அதோட போச்சு" என்று ஒருத்தி பஸ்ஸில் அழுததை நானே கேட்டேன்.

தங்கவேலு இப்போது பதுளை-ஹல்துமுல்லை லைன் பராமரிப்பையும் எடுத்திருந்தான். ஆறு நாள் தேடியும் கிடைக்காமல் ஏழாம் நாள் என்னிடம் வந்தான்.

"தாஸ் அண்ணே, ஒரு கை குடுக்கணும். எங்க ஆளுகளுக்கு ஒண்ணும் புரியல."

"யாராவது சோறு திங்கப் போறப்ப சுவிட்ச அணைச்சிட்டுப் போறானுகளோ என்னவோ?"

"பகிடி பண்ணாதீங்கண்ணே. கொழும்புல இருந்து ஏச்சு மேல ஏச்சு."

மறுநாள் செவ்வாய். ஒன்றரை மணிக்கே பதுளைத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் பின்னறையில் உட்கார்ந்தோம், நானும் அவனும் மட்டும். என்னிடம் ஒரு சோதனைப் பெட்டி உண்டு. இழைக்குள் வெளிச்சத்தை அனுப்பி, அது எதில் முட்டித் திரும்புகிறது என்று பார்த்து, உடைப்பு எத்தனை கிலோமீட்டரில் என்று திரையில் காட்டும். முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், மனிதர்கள் பொய் சொல்வார்கள், அந்தப் பெட்டி சொல்லாது.

இரண்டு பத்துக்கு விழுந்தது. ஹல்துமுல்லை முனையில் நிமல் என்ற சிங்கள நண்பர் இருந்தார், நல்ல வேலைக்காரர். இழையை அங்கே கழற்றச் சொன்னேன். கழற்றிவிட்டேன், முனை என் கையில்தான் இருக்கிறது, மூடியும் போட்டுவிட்டேன் என்று சிங்களத்தில் சொன்னார். ஆக, இந்த இழை ஐம்பத்தாறு கிலோமீட்டரில் முடிந்துவிட்டது. அதற்கப்பால் வெளிச்சம் போக வழியே இல்லை. இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மீதி எல்லாம் இதில்தான் இருக்கிறது.

சோதனையைத் தொடங்கினேன். ஐம்பத்தாறில் ஒன்றுமே காட்டவில்லை. கோடு அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, நூறு, நூற்றைம்பது, இருநூறு. பிறகு ஒரு கூர்மையான முள் எழுந்தது. 262.63.

பெட்டி பழுது என்று நினைத்தேன். அணைத்துப் போட்டேன். 262.63. வேறு இழையில் வைத்தேன். 262.63. நிமலிடம் மறுபடி கேட்டேன், கையில்தான் இருக்கிறது என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

"எவ்வளவு காட்டுதுண்ணே?" என்றான் கங்காணி.

நான் கொப்பியை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். இரண்டு தடவை கழித்தேன். "கடற்கரைக் குழி இருநூத்தி அறுபத்திரண்டு நானூத்திப் பத்து. இது அதுக்கு அங்கிட்டு இருநூத்தி இருபது மீட்டர். இது கடலுக்குள்ள இருக்கு கங்காணி."

நான் ஏதோ விசித்திரமான எண்ணைச் சொல்கிறேன் என்ற அளவில்தான் சொன்னேன். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் இரத்தம் இல்லை. உதடு சாம்பல் நிறம். அந்த இடம் அவனுக்குத் தெரிந்த இடம் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, எப்படி என்று கேட்காதீர்கள்.

அந்த நேரத்தில் மேசைமேல் கிடந்த பேசும் பெட்டி ஒலித்தது. நிமலாக இருக்கும் என்று, கழற்றிய இழையில் நிமல் எப்படிப் பேசுவார் என்று யோசிக்காமலே, காதில் மாட்டினேன்.

டொக். டொக்.

என் வாய் என்னைக் கேட்கவில்லை. ஒன்பது வருடப் பழக்கம், அது பாட்டுக்குக் கேட்டுவிட்டது. "அங்க மழையா?"

பிறகு, தூரத்தில், ஆனால் தெளிவாக: "தண்ணிண்ணே."

பகிடி இல்லாத குரல். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பிறகு சொன்னது: "கங்காணிகிட்ட குடுங்க."

நான் கழற்றி நீட்டினேன். அவன் பின்னால் நகர்ந்தான், முதுகு சுவரில் முட்டியது. "யாருண்ணே? யாரு அது?" என்றான். நான் இன்னும் கிட்ட நீட்டினேன். கடைசியில் அவனே வாங்கிக் காதில் வைத்தான். அவன் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அவனுடைய இரண்டு கையும் மெல்ல இடுப்புக்குப் போயின. எதையோ அவிழ்ப்பது போல விரல்கள் வேலை செய்தன. அங்கே பெல்ட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நகம் பிய்ந்து இரத்தம் வரும்வரை அவிழ்த்துக்கொண்டே இருந்தான். திரை மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஐம்பதுக்குக் கை தொங்கியது, லைன் எழுந்தது, வெளியறையில் எல்லா விளக்கும் பச்சையானது.

"வெறும் இரைச்சல்ணே" என்றான். சட்டையில் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

புதன், வியாழன் அவன் எக்ஸ்சேஞ்ச் பக்கமே வரவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் என் வீட்டுக்கு வந்தான், பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது. என் வீடு ஸ்பிரிங்வெளி வீதியில், பாதையோரமாக.

"போன அணைச்சு வச்சேன், அணைஞ்ச போனு அடிக்குதுண்ணே. பெண்டாட்டி போனுல வாரான். நேத்து பஸ்ஸுல முன்னால இருக்கற ஆளு போனு அடிக்குது, அந்த மனுசன் எடுத்துட்டு, 'இதுல தங்கவேலு யாரு, உங்கள கேக்கறாங்க'ன்னு என்கிட்ட நீட்டுறான்."

"என்ன சொல்றான்?"

"பேர் கூப்பிடுங்க கங்காணின்னு சொல்றான். அது ஒண்ணுதான். நாப்பது நிமிசமும் அது ஒண்ணுதான்."

அப்புறம் சொல்லிவிட்டான். நான் கேட்கக்கூட இல்லை.

கப்பல் தூரத்தில் நிற்கும். கேபிளைப் பலூன்களில் மிதக்கவிட்டுக் கரைக்கு இழுப்பார்கள். அது வளையாமல் வர, ஆட்கள் கழுத்தளவுத் தண்ணீரிலும் அதற்கு அப்பாலும் நின்று, மிதந்து, பிடித்துக்கொள்ள வேண்டும். நம் ஆட்களுக்கு நீச்சல் தெரியாது, இடுப்பில் மிதவைப் பட்டி கொடுத்திருந்தார்கள். கங்காணிக்கு அது போதவில்லை. மலையில் செங்குத்தான இடத்தில் மரம் இறக்கும்போது நாம் என்ன செய்வோம்? இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை அசையாத ஒன்றில் கட்டுவோம். சறுக்கினால் அது தாங்கும். அதையே இவன் கடலில் செய்தான். கண்ணுக்குத் தெரிந்த உறுதியான பொருள் கேபிள்தான், அதில் கட்டச் சொன்னான். அவர்களும் கட்டினார்கள், அவர்களுக்கும் மலைதான் தெரியும்.

"நல்லதுக்குத்தாண்ணே செஞ்சேன். அலை இழுத்துட்டுப் போயிரக் கூடாதுன்னுதான்."

"சரி. பிறகு?"

பிறகு கேபிள் கரையேறியதும் பலூன்களைக் கழற்றி அதைத் தாழவிட வேண்டும். அதற்கு முன் எல்லோரும் கயிற்றை அவிழ்த்தாகிவிட்டதா என்று பேர் கூப்பிட வேண்டும். பன்னிரண்டு பேர் கூப்பிட ஒரு நிமிடம் ஆகாது. கப்பலில் ஊதிக்கொண்டே இருந்தார்கள், கப்பல்காரரான வெள்ளைக்காரர் அவசரப்படுத்திக் கையை ஆட்டினார், இவன் 'எல்லாம் சரி' என்று கொடியைத் தூக்கிவிட்டான். அப்போது மணி இரண்டு பத்து.

"அவனுக்கு முடிச்சு நனைஞ்சு இறுகிப் போச்சுண்ணே. நான் பாத்தேன். ரெண்டு கையும் இடுப்புல இருந்துச்சு. என்னயத்தான் பாத்தான். நிறுத்துன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா..."

இரண்டு ஐம்பதுக்கு மாலைப் பெரட்டுக்கு வரிசையில் நின்றவர்களிடம், இன்றைக்குப் பேர் கூப்பிடவில்லை, லொறியில் ஏறுங்கள் என்றானாம். யோகன் அப்போதே கரையேறிப் போய்விட்டான் என்றும் சொன்னானாம். அன்று இரவு கடல் கொந்தளித்து மணல் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

நான் அவனை அங்கேயே விட்டுவிட்டு ஸ்பிரிங்வெளிக்கு நடந்தேன். புஷ்பம் விறகு பிளந்துகொண்டிருந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னோடு பேசினாள். "கொப்பியக் கொண்டாந்தீங்களா?" என்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவே இல்லை.

"ஓடலதானே?"

"ஓடல தாயி."

"அப்ப போனுல கூப்பிடற வேலையெல்லாம் வேணாம். நாளைக்கி காலப் பெரட்டுக்கு அந்த ஆள வரச் சொல்லுங்க. என்னய ஓடுகாலி பொண்டாட்டின்னு சொன்ன அத்தன பேரும் நிப்பாங்க. அவங்க முன்னால கூப்பிடட்டும்."

சனிக்கிழமை காலை. தோட்டத் தலைவர் ஏற்பாடு செய்திருந்தார். பெரட்டுக்களத்தில் கொழுந்துப் பெண்கள், செடி வெட்டுகிற கவ்வாத்து ஆண்கள், எல்லோரும். தங்கவேலு நடுவில் நின்று பேர் கூப்பிட்டான். ஒவ்வொருவனாக "இருக்கேன்" என்றான். பதினோராவது ஆள் மட்டும், "இருக்கேன். நானும் பாத்தேன், சொல்லல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

பிறகு நின்றுவிட்டான் கங்காணி.

"கூப்பிடு" என்றாள் புஷ்பம்.

"யோகராஜ்."

மலைப்பக்கமிருந்து காற்றுகூட இல்லை.

"ஏன் பதில் இல்லன்னு நீயே சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்."

சொன்னான். முழுவதும் சொன்னான், கொடியைத் தூக்கியது வரை. அவன் சொல்லி முடித்ததும் புஷ்பம் அந்த இடத்திலேயே பொட்டை அழித்துவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பின்னால் போனார்கள்.

அன்று பகல் இரண்டு பத்துக்கு லைன் விழவில்லை. அதற்குப் பிறகு விழவே இல்லை. நிமல் போன் பண்ணி, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பேர் கூப்பிட்டோம் என்றேன்.

ஆனால் அதே இரண்டு பத்துக்குத் தங்கவேலுவின் குரல் போய்விட்டது. நம்பினால் நம்புங்கள், நான் போய் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். பேசிக்கொண்டே இருப்பான், ஒரு சொல்லின் நடுவில் வெட்டிவிடும். வாய் அசையும், கழுத்து நரம்பு புடைக்கும், மூச்சுக்கூடச் சத்தமாக வராது. கை இரண்டும் இடுப்புக்குப் போகும். இரண்டு ஐம்பதுக்குத் திரும்ப வரும். தினமும். வைத்தியர்கள் பார்த்தார்கள், தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள். அவன் மனைவி ஸ்பிரிங்வெளிக்குப் போய்ப் புஷ்பத்தின் காலில் விழுந்தாள், மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று.

"நாப்பது நிமிசந்தானேக்கா" என்றாளாம் புஷ்பம். "எம்புருசன் ஒரு வருசமா பேசல."

முறைப்பாடு மறுபடி எழுதப்பட்டது, இந்தத் தடவை என் கையெழுத்தோடு. விசாரணை நடக்கிறது, அதைப் பற்றி நான் எழுதக்கூடாது. ஒன்று மட்டும் சொல்லலாம். அந்த இடத்தில் ஆட்கள் மூழ்கிப் பார்த்தார்கள். மணலை விலக்கியபோது கேபிளில் கட்டிய கயிறு இருந்தது. அதன் மறுமுனையில் ஒரு மனித இடுப்பு அளவுக்கு வளையம். முடிச்சு அவிழவில்லை, கயிறு எங்கும் அறுபடவில்லை. வளையத்துக்குள் ஆள் இல்லை. ஒரு எலும்புகூட இல்லை.

கடல் கொண்டுபோயிருக்கும் என்றார்கள். இருக்கலாம். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன், அந்த எண்கள் இல்லையென்றால்.

பெரட்டு முடிந்த சனிக்கிழமைக்குப் பிறகு வந்த செவ்வாய், வெறும் ஆர்வத்தில், பாவனையில் இல்லாத ஒரு இழையில் பெட்டியை மாட்டிப் பார்த்தேன். முள் அங்கேயே இருந்தது, ஆனால் 262.63 இல்லை. இருநூற்று ஐம்பத்தைந்து சொச்சம். கடலிலிருந்து கரையேறிவிட்டது. அடுத்த செவ்வாய் இருநூற்று முப்பத்தேழு. ஒரு நாளைக்கு இரண்டரைக் கிலோமீட்டர், ஒரு நாளும் கூடவில்லை, குறையவில்லை. நான் இந்த எண்ணோடு வெகுநாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆள் நாற்பது நிமிடம் நடந்தால் போகிற தூரம் அது. கங்காணி ஊமையாக இருக்கிற அந்த நாற்பது நிமிடம்.

பதினைந்து செவ்வாய் பார்த்துவிட்டேன். ஹல்துமுல்லை தாண்டியாயிற்று. கடந்த செவ்வாய் முள் பத்துக் கிலோமீட்டரில் நின்றது, ஹாலிஎலப் பாலத்துக்குப் பக்கத்தில். இதை எழுதுகிற இன்றைக்கு வியாழக்கிழமை. என் கணக்குப்படி சனிக்கிழமை பகல் அவன் பதுளை எக்ஸ்சேஞ்சுக்கு வந்துவிடுவான்.

புஷ்பத்திடம் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கேட்டுவிட்டு, "வீட்டுக்குத்தான் வாராரு" என்றாள். லயத்துக் கதவை இனிமேல் பகலில் சாத்துவதில்லையாம். இருக்கலாம், வீட்டுக்குத்தான் வருகிறான்.

கொப்பியில் அந்த வரியை நான் அடிக்கவில்லை. எழுதியதை அடிப்பது என் பழக்கமில்லை. கீழே வேறு மையில் உண்மையை எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்திருக்கிறேன். நேற்று அந்தப் பக்கத்தைத் திறந்தபோது ஓரம் ஈரமாக இருந்தது. முந்தின இரவு மழை, கூரை ஒழுகியிருக்கலாம். தொட்டுப் பார்க்கவில்லை.

எக்ஸ்சேஞ்சிலிருந்து ஸ்பிரிங்வெளி லயத்துக்கு ஒரே பாதைதான். என் வீடு அந்தப் பாதையில் இருக்கிறது.